ஒன்பதாம் வகுப்புக்கு எந்த அலமாரி?

எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வந்தால் கட்டுக் கட்டாக வரும். வராவிட்டால் ஏன் என்று கேட்க ஆளிருக்காது. மாவட்டத் தலைநகரிலிருந்து வேன் வரும், சணல் கயிறு கட்டிய பொதிகளை வாசலில் இறக்கும், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடும். அதற்கப்புறம்தான் வேலையே. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிவேட்டில் ஒரு எண், பக்கத்தில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை. உள்ளே தேதிச் சீட்டு ஒட்ட வேண்டும். முதுகில் எண் எழுத வேண்டும். பிறகு ஊதா மை முத்திரை: தலைப்புப் பக்கத்தில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று, நடுவே ‘ரகசியப் பக்கம்’ என்ற ஒரு பக்கத்தில் இன்னொன்று. அந்தப் பக்கத்தின் எண் அந்தந்த நூலகத்துக்கு மட்டும்தான் தெரியும். முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் கிழித்துவிட்டு எவராவது பழைய புத்தகக் கடையில் போட்டாலும், அதைப் புரட்டினால் எந்த ஊர்ச் சொத்து என்று தெரிந்துவிடும். எங்கள் நூலகத்து எண்ணை இங்கே எழுதினால் நூலகர் மேடம் என் உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்.

வாசகர் வட்டத்தில் இருக்கிறேன் என்ற ஒரே தகுதியில் நானும் சீட்டு ஒட்ட உட்கார்ந்துவிடுவது வழக்கம். சேவை மனப்பான்மை எல்லாம் கிடையாது. ஊரிலேயே முதல் ஆளாகப் புதுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் ஆசை, அவ்வளவுதான்.

சமீபத்தில் வந்த கட்டில் எப்போதும் வருகிறவை எல்லாம் இருந்தன. போட்டித் தேர்வுக் கையேடுகள், தன்னம்பிக்கை நூல்கள், மூலிகை மருத்துவம், கனத்த சரித்திர நாவல்கள், ஒரு திருக்குறள் உரை. (திருக்குறள் உரை இல்லாத கட்டு ஒன்று நம் நூலகங்களுக்கு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.) இவற்றுக்கு நடுவே ஒல்லி ஒல்லியாகக் கொஞ்சம் புத்தகங்கள். ‘இளையோர் நாவல்’ என்று அட்டையிலேயே போட்டிருந்தது. முன்பெல்லாம் இந்த வகையில் ஒன்று தப்பி வரும். இந்த முறை ஒரு கைப்பிடி வந்திருந்தது.

மேடம் ஒன்றைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். “இத எங்கங்க வைக்கறது?” என்றார்.

எங்கள் நூலகத்தில் கதைப் புத்தகத்துக்கு இரண்டே இடம். ஒன்று சிறுவர் பகுதி. வாசலை ஒட்டிய மூலை, சுவரில் மயிலும் யானையும் சோட்டா பீமும், கீழே முழங்கால் உயரத்துக்குச் சிவப்பும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். இன்னொன்று உள்ளறை. வரிசையாக இரும்பு அலமாரிகள், இடையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் ஒதுங்கிப் போக வேண்டிய சந்து. நாவல்கள் எல்லாம் அங்கேதான். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் பெரிய மேசைகளைக் காலை எட்டு மணிக்கே குரூப் 4 எழுதுகிற அண்ணன்களும் அக்காக்களும் பிடித்துவிடுகிறார்கள். தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், நான்கு வண்ணப் பேனா எல்லாம் பரப்பியிருக்கும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டில் இடமில்லாமல்தான் வருகிறார்கள்.

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நன்றாகப் படிக்கிற பெண். பாடத்தைச் சொல்லவில்லை, கதையைச் சொல்கிறேன். நூலகத்துக்கு வா என்றால் மட்டும் முகம் சுருங்கிவிடும். காரணம் கேட்டபோது, “அந்தக் குட்டிச் சேர்ல எல்லாம் என்னால உக்கார முடியாது சித்தி. என் தம்பி கிளாஸ் பசங்க இருப்பாங்க அங்க” என்றாள். சரி, உள்ளறையில் போய் எடுக்கலாமே? “அங்க பெரியவங்க நிப்பாங்க. நான் எத எடுக்கறேன்னே பாப்பாங்க.”

இரண்டு வரியில் விஷயம் முடிந்துவிட்டது. பதிமூன்றிலிருந்து பதினேழு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்குப் புத்தகம் வர ஆரம்பித்திருக்கிறது. அவர்கள் கூசாமல் போய் நிற்க ஓர் இடம் இன்னும் வரவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. அலமாரியே இல்லாத காலத்தில் எந்த அலமாரி என்ற கேள்வி எங்கிருந்து வரும்? 1947இல் தொடங்கிய அம்புலிமாமா, அப்புறம் கோகுலம், பூந்தளிர். பையன்கள் கையில் 1972 முதல் முத்து காமிக்ஸ், 1984 முதல் லயன் காமிக்ஸ். ஏதோ ஒரு கோடை விடுமுறையில், யாரோ வார இதழிலிருந்து கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணிய தொடர்கதை ஒன்று கையில் கிடைக்கும். அன்றோடு வேதாளம் போய் ராஜேஷ்குமார் வந்துவிடுவார். பெண்கள் ரமணிசந்திரன் பக்கம் போவார்கள், கொஞ்சம் தலைக்கனம் உள்ளவர்கள் சுஜாதா பக்கம். பொறுமைசாலிகள் கல்கியின் ஐந்து பாகத்தையும் முழுப் பரீட்சை லீவில் முடித்துவிட்டு, அடுத்த ஆறு மாதத்துக்கு அதைப் பற்றியே பேசி மற்றவர்கள் கழுத்தை அறுப்பார்கள். ராஜகுமாரி கதைக்கும் கொலை வழக்குக்கும் நடுவில் படிக்கட்டே கிடையாது. குதித்தோம். பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. குதிக்கத் தெரியாதவர்கள் படிப்பதையே விட்டுவிட்டார்கள். அந்தக் கூட்டம்தான் பெரிது, என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதில் இருந்தார்கள்.

அமெரிக்காவில் இந்த இடைப்பட்ட வயதை முதலில் கண்டுகொண்டவர்கள் எழுத்தாளர்களோ பதிப்பாளர்களோ இல்லை, நூலகர்கள். பால்டிமோர் நகரப் பொது நூலகத்தில் மார்கரெட் எட்வர்ட்ஸ் என்ற நூலகர் 1930களிலேயே பதின்வயதினருக்கென்று தனியாக வேலை பார்க்கத் தொடங்கினார். நூலகத்துக்கு வராத பிள்ளைகளைத் தேடி 1940களில் குதிரை வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். அந்த நாட்டு நூலகச் சங்கத்தில் இளையோருக்கென்று 1957இல் தனிப் பிரிவு வந்தது. பதினெட்டு வயதுப் பெண்ணான எஸ். இ. ஹின்டன், தான் பள்ளியில் படிக்கும்போதே எழுதிய நாவலை 1967இல் வெளியிட்டார். இளையோர் நாவல் என்ற வகைக்கே அங்கே அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அலமாரி முதலில் வந்திருக்கிறது. அதை நிரப்பப் புத்தகம் பின்னால் வந்திருக்கிறது.

குதிரை வண்டி என்றதும் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கை துறுதுறுக்கும், சொல்லாமல் விட முடியாது. மன்னார்குடியில் 1931இலேயே மாட்டு வண்டி நூலகம் ஓடியது. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் வண்டியை வடிவமைத்தார், பின்னால் இருந்து தூண்டியவர் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன். ‘ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர்’ என்பதையும் சேர்த்து நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து அவர் புத்தகம் போட்டதும் அதே 1931இல்தான். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. நம் வீட்டு வரியோடு நூலக வரி என்று பத்து சதவீதம் கட்டுகிறோமே, அது அந்தச் சட்டத்தின் வழி வந்ததுதான். அடுத்த முறை ரசீதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு ஒரு தட்டு கேட்பது தர்மம் கேட்பதாகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி புத்தகங்களுக்கு வருகிறேன்.

தமிழில் பதின்வயதினருக்கு எழுதுகிறவர்கள் இப்போது நிஜமாகவே கூடியிருக்கிறார்கள். பாரதி புத்தகாலயம் ‘புக்ஸ் ஃபார் சில்ரன்’ என்ற பெயரிலும், வானம் பதிப்பகம் தன் போக்கிலும் தொடர்ந்து போட்டுக்கொண்டிருக்கின்றன. 2023இல் சாகித்ய அகாதமியின் பால சாகித்ய விருது உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’க்குப் போனது. கீழடியை வைத்து எழுதிய இளையோர் நாவல் அது. கோவில்பட்டிக்காரர், ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். அரசுப் பள்ளிகளிலும் 2022 முதல் ‘ஊஞ்சல்’ நான்கு, ஐந்தாம் வகுப்புக்கும், ‘தேன்சிட்டு’ ஆறு முதல் ஒன்பது வரைக்கும் என்று இதழ்கள் வருகின்றன. அந்த ‘ஒன்பது வரை’யைக் கவனியுங்கள். பத்தாம் வகுப்பு தொடங்கிவிட்டால் நம் ஊரில் கதைக்குத் தடை உத்தரவு. பொதுத் தேர்வு முடியட்டும், நீட் முடியட்டும் என்று தள்ளித் தள்ளி, எல்லாம் முடியும்போது பிள்ளைக்குப் படிக்கும் பழக்கமே முடிந்திருக்கும்.

சீட்டு ஒட்டிய கையோடு அந்த ஒல்லிப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். பொதுவாக என் கருத்து: எடுத்துக்கொள்ளும் விஷயத்தில் தைரியம் இருக்கிறது. வகுப்பறைக்குள் சாதி, விடுதி வாழ்க்கை, முதல் மாதவிடாய், அப்பாவின் குடி, தோற்றத்தைக் கிண்டல் பண்ணும் நண்பர்கள். இருபது வருஷம் முன்பு இதில் ஒன்றைக்கூடச் சிறுவர் நூலில் பார்த்திருக்க முடியாது. நெருடுவது இரண்டு விஷயம். முதலாவது, கடைசி அத்தியாயம். அதுவரைக்கும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கதையில் திடீரென்று ஒரு நல்லாசிரியரோ கலெக்டரோ வந்து ஒன்றரைப் பக்கம் பேசிவிடுகிறார். பிள்ளைகள் அதை மூக்கால் மோந்து பிடித்துவிடுகிறார்கள். அக்கா மகள் ஒரு நாவலைப் பாதியில் மூடிவைத்து, “இந்த சார் கடைசில ஸ்பீச் குடுப்பாரு பாரு” என்றாள். கொடுத்தார். இரண்டாவது, பேச்சு. பதினைந்து வயதுப் பையன் கிரிக்கெட் மைதானத்தில் நின்றுகொண்டு “நீ ஏன் நேற்று வரவில்லை நண்பா?” என்கிறான். எந்த ஊர் மைதானம் அது என்று எனக்குத் தெரியவில்லை.

போட்டி யாரோடு என்பதையும் பார்க்க வேண்டும். இந்த வயதுப் பெண்கள் படிக்காமல் இல்லை. அம்மா ஃபோனில் பிரதிலிபி என்ற கதைச் செயலியில் இரவு பதினொரு மணி வரைக்கும் தொடர்கதை படிக்கிறார்கள். நூற்றைம்பது அத்தியாயம் போகிற கதையை மூச்சுவிடாமல் படிக்கிறவளிடம் போய், இந்தத் தலைமுறைக்கு வாசிப்புப் பழக்கமே இல்லை என்று புலம்பினால் அவள் சிரிப்பாள். பையன்கள் ஜப்பானிய அனிமேயைத் தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு அதன் மூலக் காமிக்ஸைத் தேடுகிறார்கள். அவர்கள் கேட்கிற வேகமும் திருப்பமும் நம் ஒல்லி நாவல்களில் குறைவு. ஆனால் ஒன்று, அந்தத் தொடர்கதைகளில் நாயகி இருபத்து நான்கு வயதில் கல்யாண மண்டபத்தில் நிற்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் யாரும் நிற்பதில்லை. தன் வயதில் ஒருத்தியைக் கதையில் பார்க்க வேண்டுமென்றால் அவள் இந்த ஒல்லிப் புத்தகத்துக்குத்தான் வர வேண்டும்.

அதற்கு முதலில் இது அவள் கண்ணில் பட வேண்டுமே. இந்த நாவல்கள் பெரும்பாலும் நூறு பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும், அதனால் முதுகு என்று ஒன்றே கிடையாது. தலைப்பை அதில் அச்சிட்டாலும் எறும்பு அளவுதான். எங்கள் மேடம் பகுப்பு எண் எழுதிய சீட்டை முதுகில் ஒட்ட முயன்று, அது இரண்டு பக்கமும் மடிந்து அட்டைப் படத்தில் இருந்த பையனின் பாதி முகத்தை மறைத்துவிட்டது. இப்படி ஒன்றைக் கொண்டுபோய்ச் சரித்திர நாவல்களுக்கு நடுவே செருகினால் அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரைக்கும் வெளியே வராது. சில சமயம் அப்போதும் வராது.

அதனால் நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. வார இதழ்களை அட்டை தெரியும்படி சாய்த்துவைக்கும் பழைய மரச் சட்டம் ஒன்று பின்னறையில் கிடந்தது. தூசி தட்டி, ஆடிய காலுக்குத் தச்சரைக் கூப்பிட்டு ஓர் ஆணி அடித்து, முன்கூடத்தில் நாளிதழ் மேசைக்கும் வாசலுக்கும் நடுவில் நிறுத்தினோம். புத்தகங்களை அட்டை வெளியே தெரிய வைத்தோம். மேடம் அட்டையில் ‘இளையோர் பகுதி’ என்று அழகாக எழுதிக்கொண்டு வந்தார். அக்கா மகள்தான் வேண்டாம் என்றாள். எழுதி வைத்தால் அங்கே போய் நிற்பதை எல்லாரும் கவனிப்பார்களாம். ‘புதுசு’ என்று மட்டும் எழுதச் சொன்னாள். அப்படியே எழுதினோம். மேடத்துக்கு மனசே இல்லை. மாவட்ட அலுவலகத்திலிருந்து பார்வையிட வருகிறவர்கள் இது என்ன பிரிவு என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

இடம் தேர்ந்ததில் ஒரு கணக்கு இருந்தது. எதிரே டியூஷன் சென்டர். மாலை ஐந்தேகால் வகுப்புக்கு ஐந்து மணிக்கே வந்துவிடும் பிள்ளைகள் வெயிலுக்கு எங்கள் வராந்தாவில்தான் நிற்பார்கள். நின்றால் வாசல் வழியாக அந்தச் சட்டம் தெரியும். உள்ளே வந்து ஒரு புத்தகத்தை எடுத்து, நின்றபடியே நான்கு பக்கம் புரட்டிவிட்டு, வைத்துவிட்டு ஓடலாம். யாரும் பேர் கேட்கக் கூடாது, என்ன படிக்கிறாய் என்று கேட்கக் கூடாது, முக்கியமாக “படிச்சிட்டு வந்து கருத்து சொல்லணும்” என்று சொல்லவே கூடாது. கடைசி நிபந்தனைக்கு வாசகர் வட்டத்தில் ஏகப்பட்ட எதிர்ப்பு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், விமர்சனப் போட்டி வைத்துக் கேடயம் கொடுக்கலாம் என்றார். மூன்று கூட்டமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புத்தகங்கள் நகர்கின்றன. எல்லாம் பதிவேட்டில் ஏறி முறைப்படி போவதில்லை. உறுப்பினராகாத பிள்ளைகள் தினமும் வந்து பத்துப் பத்துப் பக்கமாகப் படிப்பதும் நடக்கிறது. ஒரு புத்தகத்தில் பேருந்துப் பயணச்சீட்டு அடையாளமாகச் செருகியிருந்தது, நாளுக்கு நாள் அது உள்ளே போய்க்கொண்டிருந்தது. இன்னொன்றில், மேடம் முத்திரை குத்திய ரகசியப் பக்கத்தில் யாரோ பென்சிலால் ‘கண்டுபிடிச்சிட்டேன்’ என்று எழுதியிருந்தார்கள். மேடம் அழிப்பானைத் தேடினார். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் தேடினார் என்று எனக்குப் பட்டது.

சண்டை ஒன்றும் வந்தது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, 2020இல் அதே பால சாகித்ய விருது வாங்கிய நூல், அந்தச் சட்டத்தில் இருந்தது. குழந்தைகளிடம் தவறாக நடந்துகொள்பவர்களைப் பற்றி, பிள்ளைகளுக்குப் புரியும்படி பேசுகிற கதை. ஒருவர் வந்து, “பொம்பளப் பசங்க எடுக்கற எடத்துல இதெல்லாம் வைப்பீங்களா?” என்று சத்தம் போட்டார். படித்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம், மனைவி சொன்னாராம். மேடம் பதறவில்லை. “எடுத்துட்டுப் போய் நீங்க படிங்க சார். படிச்சிட்டுச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்” என்று அவர் பெயரிலேயே பதிந்து கொடுத்துவிட்டார். புத்தகம் தவணை தாண்டித் திரும்பி வந்தது. அபராதத்தை அவர் மகள்தான் கொண்டுவந்து கட்டினாள். அப்பா படித்தாரா, அவள் படித்தாளா என்று நாங்கள் கேட்கவில்லை. அதுதான் நிபந்தனை ஆயிற்றே.

பெரிய நூலகங்களில் இதெல்லாம் எளிதாகச் செய்யலாம். கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று முதல் தளமே இருக்கிறது, நடுவில் செயற்கை மரம் எல்லாம் வைத்து. மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகள் பகுதி பார்க்க அருமையாக இருக்கிறது. அவ்வளவு பெரிய கட்டடங்களில் பதினைந்து வயதுக்கென்று ஒரு ஜன்னலோரத்தை ஒதுக்க முடியும். ஆனால் மாநிலம் முழுக்க நாலாயிரத்துக்கும் மேலே இருக்கும் நூலகங்களில் மிகப் பெரும்பாலானவை எங்கள் நூலகம் மாதிரியோ, ஒரே அறை உள்ள ஊர்ப்புற நூலகமாகவோ இருப்பவை. அங்கே ஒரு மரச் சட்டமும் வாசலும்தான் சாத்தியம். கொள்முதலுக்குப் பதிப்பாளர்கள் இணையத்தில் விண்ணப்பிக்கும் முறை 2024இல் வந்த பிறகு புதிய நூல்கள் கொஞ்சம் சீக்கிரம் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். வந்தால் நல்லது. இன்று எழுதிய நாவல் நூலகத்துக்கு வருவதற்குள் அதைப் படிக்க வேண்டிய பிள்ளை கல்லூரிக்குப் போய்விட்டால் என்ன பிரயோஜனம்?

அடுத்த கட்டு எப்போது என்று வழக்கம்போலத் தெரியாது. அதற்குள், என்னென்ன நூல் வேண்டும் என்று வாசகர்கள் எழுதிவைக்கும் நோட்டைச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். இதுவரைக்கும் அதில் குரூப் 4 வினாத்தாள் கேட்டுத்தான் எழுதியிருந்தார்கள். இப்போது வேறு கையெழுத்துகள் வர ஆரம்பித்திருக்கின்றன. தமிழில் அனிமே காமிக்ஸ் வேண்டும் என்று ஒன்று. கபடி கதை, பெண் விளையாடுவது, என்று ஒன்று. ‘பேய்க் கதை. பேய் கடைசில நிஜமா இருக்கணும். மூடநம்பிக்கைன்னு முடிக்கக் கூடாது’ என்று ஒன்று, அதன் கீழே வேறு மையில் ‘ஆமா’, அதற்கும் கீழே பச்சை மையில் ‘எனக்கும் ஒரு காப்பி’. மேடம் மூன்றையும் தனித்தனி வரியாக எழுதிக் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்து அனுப்பிவிட்டார்.